புதுக் கார் ஏன் நடுங்குகிறது?

தைப்பொங்கல் விடுமுறைக்கு நுவரெலியாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் ஆசிரியை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகு, லீசிங் முறையில் ஒரு சின்னப் புதுக் கார் வாங்கியிருக்கிறாள். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது.

காலை ஆறரை மணி. ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர். அவள் காரை ஸ்டார்ட் செய்ததும் வண்டி கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை அதிர்ந்தது. அவளுடைய முகமும் மாறிவிட்டது.

"ஒவ்வொரு நாளும் விடிய இப்பிடித்தான் அக்கா. கொஞ்சத்தில் சரியாகிவிடும். கராஜ் பாஸ் எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேணுமாம், நாற்பதாயிரம் கேட்கிறார். இவர் என்னடா என்றால், பழுதான காரை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஏசுகிறார்."

எங்கள் அப்பா லொறி ஓட்டியவர். மலைநாட்டுக்குச் சுமை ஏற்றிப் போனால், காலையில் 'சோக்' என்ற குமிழை இழுத்துவிட்டுத்தான் எஞ்சினை எழுப்புவார். அது கொஞ்ச நேரம் இருமிக்கொண்டு நிற்கும். அந்தக் குமிழ் இன்றைய கார்களில் இல்லை. அதன் வேலையைக் காருக்குள் இருக்கும் கணினி செய்கிறது. இருமல் மட்டும் மாறவில்லை.

பெற்றோல் திரவமாக இருக்கும்போது சரியாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலக்க வேண்டும். இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த உலோகத்தில் பட்டால் அது ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கல் சூடாகுமுன் ஊற்றிய முதல் தோசையின் கதைதான். இதை ஈடுகட்டக் கணினி கூடுதலாகப் பெற்றோலை விசிறுகிறது. ஆனாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவாகக் கலவை போய்ச் சேராது. ஒன்று பலமாக எரியும், மற்றது பலவீனமாக எரியும். அதுதான் நடுக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. இதைக் கேட்டுத் தங்கை நம்பவே இல்லை. அந்த நடுக்கத்தில் ஒரு பகுதி வேண்டுமென்றே உண்டாக்கப்படுவது! புகைக்குழாய் வழியில் 'கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டர்' என்ற பாகம் இருக்கிறது. நச்சுப் புகையைச் சுத்திகரிப்பது அதன் வேலை. ஏறத்தாழ 250, 300 பாகை செல்சியஸ் சூடானால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அதை விரைவாகச் சூடாக்க, கணினி எஞ்சினைச் சற்று வேகமாகச் சுற்றவைத்து, தீப்பொறியையும் பிந்திக் கொடுக்கிறது. அப்போது வெப்பத்தில் பெரும்பங்கு புகையோடு வெளியே போகும். எஞ்சின் தள்ளும் பலம் குறையும், சீரும் குறையும்.

தங்கையின் கார் மூன்று சிலிண்டர் கொண்டது. இப்போது வரும் சின்னக் கார்கள் பல அப்படித்தான். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை எரிதல் நடக்கும். மூன்றில் அந்த இடைவெளி நீண்டு மூன்றில் இரண்டு சுற்றாகிறது. அதனால் இயல்பிலேயே ஆட்டம் கூட. எஞ்சினைத் தாங்கும் இறப்பர்களும் குளிரில் இறுகிவிடும். அவை நடுக்கத்தை விழுங்காமல் அப்படியே வண்டிக்குக் கடத்தும்.

"பொறு, முள்ளைப் பார்" என்றேன். சுற்று வேகத்தைக் காட்டும் முள் 1,300க்குக் கிட்ட நின்றது. ஒரு நிமிடம் ஆகவில்லை, மெல்ல இறங்கத் தொடங்கியது. நடுக்கமும் அடங்கியது. மத்தியானம் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தோம். பூனை போல நின்றது.

அதற்காக எல்லா நடுக்கத்தையும் குளிரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எஞ்சின் சூடான பிறகும் ஆடினால், எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால், குளிரூட்டும் நீர் குறைந்துகொண்டே போனால், பெற்றோல் மணம் அடித்தால் காட்டத்தான் வேண்டும். ஸ்பார்க் பிளக், கொயில், இன்ஜெக்டர், எங்காவது காற்றுக் கசிவு என்று காரணம் பல இருக்கலாம். அந்த விளக்கு மின்னி மின்னி எரிந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். எரியாத பெற்றோல் போய் அந்தக் கொன்வேர்ட்டரையே கெடுத்துவிடும். அதன் விலை நாற்பதாயிரத்தோடு நிற்காது.

புதுக் காரை உத்தரவாதக் காலத்தில் வெளிக் கராஜில் கழற்ற விடுவது புத்தியல்ல. பிறகு கம்பனி கைவிரித்துவிடலாம். விற்ற இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். ஆனால் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். "ஒன்றும் இல்லையே மிஸ்" என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். பெண் ஒருத்தி தனியே போனால் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளும். ஆகவே முதல்நாள் மாலையே காரை அங்கே விட்டு, மறுநாள் காலை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் நடுங்குவதைத் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருங்கள். சொன்ன குறையையும் அவர்கள் பார்த்ததையும் எழுத்தில் வாங்குங்கள்.

சூடேற்றுவதற்காகப் பத்து நிமிடம் நிறுத்தி வைப்பது பழைய வழக்கம். இப்போது அரை நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீற்றரை மிதித்து விரட்டாமல் மெதுவாக ஓட்டினால் சரி. குளிருக்குப் பயந்து கதவு மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவே வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

தங்கை அப்படியே ஓர் இரவு காரை விட்டுவிட்டு வந்தாள். கணினியில் குறைக் குறியீடு எதுவும் இல்லை, பிளக்குகள் நன்றாக இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் காருக்குள்ளேயே வைத்திருக்கிறாள். இவர் மட்டும் இன்னும் காலையில் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாராம்.