போதனாசிரியர் இருவர்

நமது கிராமங்களில் "ஏ. ஐ." என்று கூறின், கமக்காரர் மனத்தில் முதலில் தோன்றுபவர் விவசாயப் போதனாசிரியரே. அவருடைய ஆங்கிலப் பதவிப்பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டையும் சேர்த்து மக்கள் அங்ஙனம் வழங்கலாயினர். மோட்டார்ச் சைக்கிளில் வந்து, வரம்பில் நின்று, இலையைத் திருப்பிப் பார்த்து, "எத்தனை நாட் பயிர்? கடைசியாக எப்போது இறைத்தீர்கள்?" என்று கேட்பவர் அவர். இன்று உலகெங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவுக்கும் ஆங்கிலத்தில் அதே இரண்டு எழுத்துக்களே பெயராயின. பெயரொற்றுமை தற்செயலானது, தொழிலொற்றுமை அத்தகையதன்று. சிறு நிலமுடைய கமக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மண்ணுக்கும் பயிருக்கும் பருவத்துக்கும் ஏற்ற ஆலோசனையைக் கைத்தொலைபேசி வாயிலாகக் கூறுவேன் என்று புதியவர் முன்வந்து நிற்கிறார்.

இவரை வரவேற்பதா, வாசலிலேயே நிறுத்துவதா என்பது பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உண்டு. இயந்திரம் வந்துவிட்டது, இனிக் கமத்தொழிலுக்குக் குறைவில்லை என்பார் ஒரு சாரார். மண்ணை மிதியாத பொருளுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்பார் மறு சாரார். இவ்விரு கூற்றும் எமக்கு உடன்பாடல்ல. புதியவரை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால், நமது நிலத்தைப் பற்றிய அறிவை நமது சொற்களிலே அவருக்கு நாம் முதலிற் கற்பித்தல் வேண்டும். பழைய போதனாசிரியர் அவருக்குப் பின்னே பொறுப்பாளராக நிற்றலும் வேண்டும். இவையிரண்டும் இல்லாவிடின், பிறர் நாட்டுக் கமத்துக்குரிய ஆலோசனையைத் தமிழெழுத்தில் நாம் பெற்றவராவோமேயன்றி வேறில்லை.

வரவேற்பு ஏன் என்பதை முதலில் நோக்குவோம். ஒரு போதனாசிரியரின் பொறுப்பிலுள்ள ஊர்கள் பல, தோட்டங்களோ எண்ணில. வெங்காயத்தில் இலை முறுகத் தொடங்கினால் அவர் வரும்வரை நோய் காத்திராது. விவசாயத் திணைக்களத்தாரின் 1920 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டெனினும், இலையின் புள்ளி எத்தகையது என்று வாய்ச்சொல்லால் விளக்குதல் எளிதன்று. ஆகவே கமக்காரர் செல்லுமிடம் மருந்துக்கடை. அங்கே நோயைக் கூறுபவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். எனினும், "இதற்கு மருந்து வேண்டியதில்லை, இரண்டு நாள் இறைப்பை நிறுத்துங்கள்" என்று கூறுதற்கு அவருக்கு என்ன ஊதியம்? விற்பனையில் ஆதாயமில்லாத ஆலோசகர் ஒருவர் நமது கமக்காரருக்கு மிகவும் வேண்டப்படுகிறார். (நாளை அக்கடைக்குப் பொருள் அனுப்பும் கொம்பனியே இயந்திரத்தையும் நடத்துமாயின் இந்நன்மை பறந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.)

அவரவர் நிலத்துக்கேற்ற ஆலோசனையின் அருமையை நாம் எதிர்மறையாகவும் கற்றிருக்கிறோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒரே கட்டளையால் தடைசெய்யப்பட்டது. வலிகாமத்துச் செம்மண்ணுக்கும், வன்னி வயலுக்கும், மலைநாட்டுத் தேயிலைக்கும் ஒரே விதி. நவம்பரிலே தடை நீங்கியது. ஆயினும் அதற்குள் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் வீழ்வதற்கு வழி வகுக்கப்பட்டுவிட்டது. சேதன உரத்தின் நன்மையை நாம் மறுக்கவில்லை. எந்த மண்ணுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டில் என்ற கேள்வி கேட்கப்படாமற் போனதே குறை.

இனி, இயந்திரத்தின் ஆற்றலை அளந்து பார்ப்போம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்துடனும் பிறருடனும் கூடி ஆபிரிக்கக் கமக்காரருக்கென ஒரு செயலியை ஆக்கினர். அதன் பெயர் நுரு. சுவாகிலி மொழியில் ஒளி என்பது பொருள். இணையத் தொடர்பு இல்லாத தோட்டத்திலும், தொலைபேசியின் கண்ணை மரவள்ளி இலைக்கு நேரே பிடித்தால் நோய் இன்னதென்று கூறும். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி அது நூற்றுக்கு 65 தடவை சரியாகக் கூறியது. விவசாய விரிவாக்க உத்தியோகத்தர் 40 முதல் 58 வரையும், கமக்காரர் 18 முதல் 31 வரையுமே சரியாகக் கூறினர். ஓரிலையை மட்டும் நோக்காது ஒரு செடியின் ஆறு இலைகளை நோக்கியபோது இயந்திரத்தின் திறம் 74 முதல் 88 வரை உயர்ந்தது. இதனை அலட்சியம் செய்தல் அறிவுடைமையாகாது.

ஆயினும் இதே துறையின் மற்றொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டில், 14 பயிர்களையும் 26 நோய்களையும் சார்ந்த 54,306 இலைப் படங்களைக் கொண்டு ஓர் இயந்திரம் பயிற்றப்பட்டது. அதே தொகுதியிலிருந்து அது முன் காணாத படங்களை எடுத்துக் காட்டியபோது நூற்றுக்கு 99க்கு மேல் சரியாகக் கூறி வியப்பூட்டியது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோதோ, அத்திறம் நூற்றுக்கு 31 அளவுக்கு இறங்கிவிட்டது. பறித்தெடுத்து, வெறுந்தளத்தில் வைத்துப் படம்பிடித்த இலை வேறு. புழுதி படிந்து, பாதி நிழலில், பக்கத்துச் செடியின் இலையோடு பின்னிக் கிடக்கும் இலை வேறு. ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இது புதுமையன்று. மாதிரி வினாத்தாளில் நூறு புள்ளி பெற்று, வினாவைச் சிறிது மாற்றியவுடன் திகைத்து நிற்கும் மாணாக்கரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

இங்கேதான் தமிழாசிரியனாகிய எமக்கு ஒரு வார்த்தை கூற இடமுண்டு. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவர், "இரண்டு பரப்பு வெங்காயத்துக்கு யூரியா எவ்வளவு?" என்று இயந்திரத்தைக் கேட்கிறார் எனக் கொள்வோம். நமக்குப் பரப்பு என்பது ஒரு நில அளவு. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். தமிழுலகின் ஏனைய பகுதிகளிலோ பரப்பு என்பது விரிவையும் பரப்பளவையும் குறிக்கும் பொதுச்சொல். நில அளவாக அங்குள்ளோர் அதனை அறியார். இயந்திரம் கற்ற தமிழ் பெரும்பாலும் அச்சேறியும் இணையத்தில் ஏறியும் கிடக்கும் தமிழ். அதில் நம் தோட்டத்துத் தமிழ் மிகச் சிறு பங்கு. இரண்டு பரப்பை இரண்டு ஏக்கரென அது மயங்குமாயின், இடவேண்டிய உரத்தைப் போல் 16 மடங்கு இடச்சொல்லும். நெற்காணியில் அளவு மீண்டும் வேறு: அங்கே இலாச்சம், 24 இலாச்சம் ஓர் ஏக்கர்.

அளவு மட்டுமன்று. நாம் பயறு என்றால் அது பச்சைப் பயறு. தமிழ்நாட்டில் அது பருப்பினத்துக்கெல்லாம் பொதுப்பெயர். அங்கே குறுவை, சம்பா, தாளடி. இங்கே மாரியை நம்பி விதைக்கும் காலபோகம். அங்கே ஆடுதுறையிற் பிறந்த நெல்லினங்கள். இங்கே பத்தலகொடையிலும் அம்பலாந்தோட்டையிலும் பிறந்தவை. நாம் மொட்டைக்கறுப்பன் என்றால் அது யாதென விளங்கவேண்டும். இவையெல்லாம் சொல்லாராய்ச்சி என்று சிரித்துவிடுதல் கூடும். ஆனால் பரகுவாற் என்னும் களைகொல்லியை எண்ணிப் பாருங்கள். உயிர்ச்சேதம் கருதி 2008ஆம் ஆண்டு தொடக்கம் அது நம் நாட்டிலிருந்து படிப்படியாக நீக்கப்பட்டது. இந்தியாவிலோ அதன் பின்னரும் பல்லாண்டுகள் பரவலாக விற்கப்பட்டது. அந்நாட்டுக் கைந்நூல்களைக் கற்ற இயந்திரம், நல்ல தமிழில், நம் நாட்டில் விலக்கப்பட்ட நஞ்சைச் சிபாரிசு செய்யாதென்பதற்கு யார் பிணை?

வினா ஆறென்றும் விடை எட்டென்றும் நன்னூலார் வகுத்தது மாணவர் அறிந்ததே. அவ்வெட்டு விடைகளுள் வினாவுக்கு எதிர் வினாதலும் ஒன்று. பரீட்சைக்கு மனனஞ் செய்து மறக்கும் இப்பகுதி கமத்தொழிலிலேதான் உயிரோடிருக்கிறது. "இலை மஞ்சளிக்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டவுடன் மருந்தின் பெயர் கூறுபவன் போதனாசிரியனாகான். எந்த இலை? அடியிலையா, குருத்திலையா? அடியிலை முதலில் மஞ்சளித்தால் நைதரசன் குறைவை நினைக்கலாம். குருத்திலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாயிருந்தால் இரும்புச் சத்தின் குறைவு. சுண்ணக்கல்லின் மேல் அமைந்த காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு இருந்தும் பயிருக்கு எட்டாது. நீர் தேங்கி வேர் அழுகினும் மஞ்சளிக்கும். வெண் ஈ கொணரும் வைரசினாலும் மஞ்சளிக்கும். நான்குக்கும் பரிகாரம் நான்கு. இயந்திரம் முதலிற் கற்கவேண்டியது விடை கூறுவதையன்று, திருப்பிக் கேட்பதை. "போதிய விவரமில்லை, போதனாசிரியரை அழையுங்கள்" என்று நிறுத்தத் தெரிவதையும் அதற்குப் பழக்குதல் வேண்டும். இவ்விரண்டும் இயந்திரத்துக்கு இயலாத காரியங்களல்ல. அதனை ஆக்குவோர் விரும்பின் அமைக்கக்கூடியவையே.

தோட்ட எல்லைக்கு அப்பாலும் ஒரு பொருள் உண்டு. அதுவே எமக்குப் பெருங்கவலை தருவது. குடாநாட்டில் வற்றாத ஆறொன்றில்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. அதனையே எல்லோரும் குடிக்கிறோம், அதனையே எல்லோரும் இறைக்கிறோம். துலாவால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே ஓர் அளவுகோலாயிருந்தது. இறைப்பு இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மிகுதியாய் இறைத்தால் உவர் மேலேறும். மிகுதியாய் யூரியா இட்டால் எஞ்சியது நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குள் இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்திருத்தலை ஆய்வாளர் பன்முறை கண்டுரைத்துள்ளனர். கைக்குழந்தைக்குப் பால்மாக் கரைப்பதும் அந்நீரிலேதான்.

இந்நிலையில், தனியொருவர் தோட்டத்தின் விளைச்சலை மட்டும் நோக்கி இயந்திரம் கூறும் ஆலோசனை அவருக்கு நன்றாயும் ஊருக்குத் தீதாயும் முடியலாம். சந்தை விலையிலும் இதுவே நிகழும். "இம்முறை வெங்காயம் நடுக" என்று ஒருவருக்குக் கூறினால் அது ஆலோசனை. ஒரே வாரத்தில் பதினாயிரம் பேருக்குக் கூறினால், அறுவடையன்று சந்தையில் விலையிராது. ஆகவே, இயந்திரத்துக்குத் தோட்டத்தின் கணக்கோடு கிணற்றின் கணக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். ஊரிலுள்ள கிணறுகளின் உவர்ப்பையும் நைத்திரேற்றையும் பருவந்தோறும் அளந்து அதற்குக் கொடுத்தால், ஒரு மனிதப் போதனாசிரியர் மனத்தில் வைத்திருக்க இயலாத அக்கணக்கை அது எளிதில் வைத்திருக்கும். இயந்திரத்தின் உண்மையான பயன், இலையைப் பார்த்து நோய் கூறுவதினும் இதிலேதான் மிகுதி என்பது எமது துணிபு.

பொறுப்பைப் பற்றியும் ஒரு சொல். போதனாசிரியர் பிழையாகக் கூறின், கமநல சேவை நிலையத்து வாசலிலே அவரை மறித்து, "ஐயா, நீங்கள் சொல்லித்தானே அடித்தேன்" என்று கேட்கலாம். அவருக்கு ஒரு பெயருண்டு, ஒரு மேலதிகாரி உண்டு. இயந்திரத்தை எந்த வாசலில் மறிப்பது? அடகு வைத்த நகையால் பயிரிட்ட ஒருவருக்கு ஒரு போகம் அழிந்தால், அது கணக்கியலார் கூறும் நூற்றில் ஒரு பிழையன்று. பிள்ளையின் படிப்பு நிற்பது. 2025ஆம் ஆண்டில் இந்திய விவசாய அமைச்சு, செயற்கை நுண்ணறிவால் கணித்த பருவமழை முன்னறிவிப்பைச் சுமார் 3.8 கோடிக் கமக்காரருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. அம்முயற்சியில் எமக்குப் பிடித்த அம்சம் கணிப்பு மட்டுமன்று. அரசின் பெயரால் அது அனுப்பப்பட்டதும் ஆகும். கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. நம் நாட்டிலும் மருந்து, உரம் பற்றிய ஆலோசனை எதுவாயினும் திணைக்களத்தின் ஒப்புதல் பெற்றதாய், ஒரு போதனாசிரியரின் பெயரோடு செல்லுதல் வேண்டும்.

இவ்விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் கமக்காரரின் பிள்ளைகள். அவருட் சிலர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இத்தகைய இயந்திரங்களை ஆக்கும் தொழிலிலேயே இருக்கின்றனர். கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் கட்டித்தந்த அன்பர்களிடம் இன்னொன்றையும் கேட்கத் துணிகிறோம். திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. அவர்களோடு கூடி, நமது கமத்தொழிற் சொற்களையும் அளவுகளையும், நம் மண்ணில் எடுத்த நோயிலைப் படங்களையும், போதனாசிரியர்கள் ஆண்டுதோறும் கேட்கும் எதிர் வினாக்களையும் தொகுப்பதற்கு ஆகும் செலவு ஒரு வகுப்பறை கட்டும் செலவினும் குறைவாகவே இருக்கும். விவசாயம் கற்கும் மேல்வகுப்பு மாணவர் விடுமுறையில் தத்தம் தோட்டத்திலேயே இதனைச் செய்யலாம். சொல்லைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தும் வேலையைத் தமிழ்ப் பகுதியார் ஏற்போம். முதலாண்டில் வெங்காயம் ஒன்றே போதும். விதை வெங்காயம் தெரிவதிலிருந்து பிடுங்கிக் கட்டித் தொங்கவிடும்வரை, உரும்பிராயிலும் கோப்பாயிலும் இணுவிலிலும் முதியவர்கள் வழங்கும் சொற்களை, அவர்கள் இருக்கும்போதே எழுதத் தொடங்கலாம்.