மதகின் சாவி யார் கையில்?

ஆறு ஓடுகிறது. கூலி கேட்காமல் ஓடுகிறது. பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்ற பேதம் அதற்குக் கிடையாது. மலையிலே பெய்த மழை கடலைத் தேடிப் போகிற வழியில் ஒரு சக்கரத்தை நட்டு வைத்தால், அதையும் சுற்றிவிட்டுப் போகிறது. இப்படிப்பட்ட வேலையாள் கிடைத்தால் எந்த முதலாளிதான் விடுவான்?

தோழர்களே, அதனால்தான் இரண்டு அறிவிப்புகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் மின்துறை, நீரேற்றுப் புனல் மின் நிலையங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2024இல் தமிழ்நாடு அரசும் அத்தகைய நிலையங்களுக்கும், சிறு புனல் மின் நிலையங்களுக்கும் கொள்கைகளை அறிவித்தது. மலையிலே நீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கும் தொழிலுக்குத் தனியாரும் வரலாம் என்று கதவு திறக்கப்பட்டிருக்கிறது.

'முதலீடு வருகிறது' என்று ஒரு சாரார் மகிழ்கின்றனர். 'காடு போகிறது' என்று மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இரு தரப்பும் பேசட்டும். இரண்டிலும் பொருள் உண்டு. ஆனால் உழைப்பாளி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று தனியே இருக்கிறது. 250 ஆண்டுப் பழமையான கேள்வி அது. மதகின் சாவி யார் கையில் இருக்கப் போகிறது?

நீரின் கணக்கு

நீருக்கு எடை உண்டு. எடையுள்ள எதுவும் மேலிருந்து கீழே இறங்கும்போது வேலை செய்யும். ஏற்றம் இறைத்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் உடம்பை வருத்தி நீரை மேலே கொண்டுவந்தான். அதே நீர் இறங்கும்போது அந்த உழைப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. எவ்வளவு நீர், எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதே அதன் பலம். விநாடிக்கு 1,000 லிட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ 980 கிலோவாட், அதாவது 1,300 குதிரைச் சக்திக்கு மேல்.

ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1759இல் தம் சோதனைகளின் முடிவை வெளியிட்டார். ஓடுகிற நீர் சக்கரத்தின் அடியில் மோதிச் சென்றால், அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வருவதில்லை. அதே நீரை உயர நிறுத்தி, சக்கரத்தின் உச்சியில் விழச் செய்தால், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கிறது.

பொறியாளருக்கு இது கணக்கு. நமக்கு இதில் அரசியலும் இருக்கிறது. அடியில் மோதும் நீருக்கு ஒரு சக்கரம் போதும். உயர நிறுத்த வேண்டுமானால் அணை வேண்டும். அணைக்கு நிலம் வேண்டும், பணம் வேண்டும், அதிகாரம் வேண்டும். ஓடும் நீர் ஊருக்குப் பொது. நிறுத்திய நீர் நிறுத்தியவனுக்கே சொந்தம் என்றாயிற்று.

கவிஞர் கண்ட கனவு

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னர், ஆண்டிபேட்டர் என்ற கிரேக்கக் கவிஞர் நீரால் சுழலும் திரிகையைக் கண்டு மகிழ்ந்து பாடினார். மாவரைத்துக் கை ஓய்ந்த பெண்களுக்கு இனி விடுதலை என்று அவர் நம்பினார். காரல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் அந்தப் பாடலை எடுத்துக்காட்டுகிறார். எதற்காக? கவிஞர் கண்ட கனவு என்ன, முதலாளித்துவம் செய்த வேலை என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காக!

நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தில் டார்பிஷயர் மாவட்டத்தில் குரோம்ஃபோர்டு என்ற சிற்றூர். முடிதிருத்தும் தொழிலும் பொய்முடி வணிகமும் செய்த ரிச்சர்டு ஆர்க்ரைட், 1771இல் கூட்டாளிகளோடு அங்கே நீர்விசை நூற்பாலை தொடங்கினார். அந்த இடத்தை ஏன் பிடித்தார்? ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்து வந்த நீர் சற்றே வெதுவெதுப்பானது, கடுங்குளிரிலும் உறையாது. நீர் உறையவில்லை என்றால் சக்கரம் நிற்காது. சக்கரம் நிற்கவில்லை என்றால் ஆளும் நிற்கக்கூடாது!

பன்னிரண்டு மணி நேர ஷிப்டுகள் இரண்டு; பகலும் இரவும் ஆலை ஓடிற்று. வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்களும் சிறுவர் சிறுமியரும். ஆர்க்ரைட்டுக்கு 1786இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1792இல் அவர் மறைந்தபோது விட்டுச் சென்ற செல்வம் ஏறத்தாழ ஐந்து லட்சம் பவுன். பெண்களுக்கு ஓய்வு தரும் என்று கவிஞர் நம்பிய அதே நீர், குழந்தையின் இரவு உறக்கத்தையும் பறித்தது. நீர் மாறவில்லை. நீரைப் பிடித்து வைத்தவன் மாறினான்.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆறு 32 அடி இறங்குகிற இடத்தில், 1820களில் லோவெல் என்ற ஆலை நகரம் எழுந்தது. ஆற்று நீரைக் கால்வாய்களில் பிரித்துவிட்ட கம்பெனி, இத்தனை நீர், இத்தனை அடி வீழ்ச்சி என்று அளவு வகுத்து, ஆலைகளுக்கு விலைக்கு விற்றது. பருத்தியை நிறுப்பது போல் அருவியை நிறுத்து விற்றார்கள்!

அந்த ஆலைகளுக்குக் கிராமத்து இளம்பெண்கள் வேலைக்கு வந்தார்கள். 1834இல் கூலியை வெட்டினார்கள். பெண்கள் வெளியேறி வேலைநிறுத்தம் செய்தார்கள். 1836இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தினார்கள், மறுபடியும் வெளியேறினார்கள். 1840களில் பத்து மணி நேர வேலை கோரி ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். அந்தக் கால்வாய்க் கம்பெனியின் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் சீராக்கிய டர்பைன் இன்று உலகெங்கும் மின் நிலையங்களில் சுழல்கிறது. அவர் பெயர் டர்பைனில் நிலைத்துவிட்டது. அந்தப் பெண்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?

தாமிரபரணியும் காவிரியும்

சீமைக் கதை நமக்கெதற்கு என்று கேட்க வேண்டாம். அதே கதை நம் ஆற்றங்கரைக்கும் வந்தது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருகே விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை எழுப்பினர். பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் வேகமே அதற்கு விசை. நெல்லைச் சீமையின் வயலுக்குப் பாய்ந்த ஆறு, வழியில் வெள்ளைக் கம்பெனிக்கு நூல் நூற்றுக் கொடுத்தது.

அதே ஹார்வி நிர்வாகத்தின் மற்றோர் ஆலைதான் தூத்துக்குடி கோரல் மில். அங்கே 1908இல் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளரோடு நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் வேலை நிறுத்தத்தால் பெறப்பட்டன. ஆலை நீரால் ஓடினாலும் நெருப்பால் ஓடினாலும், தொழிலாளி வாய் திறக்காமல் எதுவும் கிடைத்ததில்லை என்பதற்கு அது சான்று.

காவிரியின் கதை இன்னும் கசப்பானது. 1902இல் மைசூர் சமஸ்தானத்துச் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அன்றைய உலகம் வியந்த சாதனை. ஏறத்தாழ 92 மைல் தூரத்துக்குக் கம்பி இழுத்தார்கள். எங்கே? கோலார் தங்கச் சுரங்கத்துக்கு! பெங்களூர் வீதிக்கு மின்விளக்கு வந்தது 1905இல். முதலில் சுரங்கம், பிறகுதான் நகரம். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெருந்தொகையினர் வடார்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள். காவிரி நம்முடையது, கை நம்முடையது. தங்கம் போய்ச் சேர்ந்தது இலண்டன் கம்பெனிக்கு.

சாவி கைமாறிய காலம்

பிறகு சாவி கைமாறிற்று. 1932இல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் சர்க்கார் செலவில் இயங்கத் தொடங்கியது. 3,000 அடிக்கு மேல் நீர் குழாய்களில் இறங்கிற்று. 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம், 1960களில் குந்தா என்று மலைதோறும் டர்பைன் சுழன்றது. 1957 ஜூலை 1ஆம் நாள் மின்சார வாரியம் பிறந்தது.

குறையே இல்லை என்று கூற நாம் முன்வரவில்லை. பைக்காரா மின்சாரம் முதலில் கொழிக்க வைத்தது கோவை ஆலை முதலாளிகளைத்தான். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. சாவி பொதுக் கையில் இருந்ததால், இலாபம் தராத கிராமத்துக்கும் கம்பி போயிற்று. கமலை கட்டி இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடிற்று. இன்று உழவருக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கிறது. கணக்குப் பேரேட்டை மட்டும் பார்க்கும் ஒரு கம்பெனி இதைச் செய்திருக்குமா? தேர்தலில் ஓட்டுக் கேட்க வருகிறவனைத்தான் நாம் கேள்வி கேட்க முடியும். பங்குச் சந்தையில் இருப்பவனை எந்தத் தெருமுனையில் நிறுத்திக் கேட்பது?

மலிந்தபோது வாங்கி, அரிதானபோது விற்று

இப்போது புதிய திட்டத்துக்கு வருவோம். நீரேற்று நிலையத்துக்கு இரண்டு நீர்த்தேக்கங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுந்து கிடக்கும்போது, கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றுவார்கள். மாலையில் வீட்டுக்கு வீடு விளக்கு எரியும் நேரத்தில், அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். 100 யூனிட் செலவிட்டால் 75 முதல் 80 யூனிட் வரை திரும்பி வரும். இது நமக்குப் புதிதும் அன்று. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையத்தை 1980களில் கட்டியதே நமது மின்சார வாரியந்தான்.

தேக்கம் தேவையா? தேவைதான். வெயில் மாலையில் மறைகிறது. காற்று நினைத்தபோது வீசுகிறது. மின்சாரத்தைச் சேமிக்க வழி வேண்டும் என்பதை அறிவுள்ள எவரும் மறுக்க மாட்டார். இயந்திரத்தை எதிர்ப்பது நமது கொள்கையும் அன்று.

ஆனால் 100 போட்டு 80 எடுப்பவனுக்கு இலாபம் எங்கிருந்து வரும்? பகல் விலைக்கும் மாலை விலைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து! நெல் மலிந்தபோது வாங்கிக் களஞ்சியத்தில் போட்டு, ஆடி மாதத்தில் விலை ஏறியதும் விற்பவனை நாம் அறிவோம். களஞ்சியம் வேண்டும், அதன் சாவி பதுக்கல்காரன் இடுப்பில் தொங்க வேண்டுமா? மாலை விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இலாபம் என்றால், விலை இறங்க வேண்டும் என்று அவன் ஏன் விரும்புவான்?

மற்றொன்றும் கவனியுங்கள். வழக்கமான புனல் மின் திட்டங்களில் மாநிலத்துக்கு ஒரு பங்கு மின்சாரம் இலவசமாகத் தரும் ஏற்பாடு உண்டு. நீரேற்றுத் திட்டங்களுக்கு அந்தக் கடமை இல்லை என்று மத்திய நெறிகள் விலக்கு அளிக்கின்றன. மாநிலம் தானே நீருக்கு விலை கேட்டால்? இமாசலப் பிரதேசம் 2023இல் புனல் மின் நிலையங்கள் மீது நீர்வரிச் சட்டம் இயற்றியது; 2024 மார்ச்சில் அம்மாநில உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆறு மாநிலத்தில் ஓடுகிறது. மலை மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் வரி போடும் வழி அடைபடுகிறது!

விலை கொடுப்பவர் யார்?

விளக்கின் கீழ் இருட்டு என்பார்கள். மின் நிலையத்தின் கீழும் இருட்டு உண்டு. 2020 ஆகஸ்டில் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி மின் நிலையத்தில் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 7ஆம் நாள் உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தில் மலைவெள்ளம் இரண்டு புனல் மின் திட்டங்களை அடித்துச் சென்றது. இறந்தவரும் காணாமற் போனவரும் 200 பேருக்கு மேல். பெரும்பாலோர் திட்டப் பணியாளர்கள். சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சேற்றில் புதைந்தார்கள். முன்னெச்சரிக்கை மணி ஒன்று ஒலித்திருந்தால் எத்தனை குடும்பத்தில் அடுப்பு எரிந்திருக்கும்!

மலையைக் குடைபவன் நிரந்தரத் தொழிலாளியா? பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். அவருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர். விபத்து நடந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர்கூட இல்லாதவனுக்கு நட்ட ஈடு யார் தருவது?

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. நீரேற்று நிலையங்களைப் பொதுத்துறையே கட்டி, பொதுத்துறையே நடத்த வேண்டும். காடம்பாறையைக் கட்டிய அனுபவம் இருக்கும்போது, இயலாது என்ற பேச்சுக்கு இடமில்லை. எந்த ஒப்பந்தமானாலும் அதன் நிபந்தனைகள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். மாலை நேர மின்விலைக்கு உச்சவரம்பு வேண்டும். குடிநீரும் பாசனமும் முதலில், டர்பைன் பிறகு என்ற வரிசை மாறக்கூடாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, மலைமக்களின் கிராம சபையைக் கேட்காமல் ஒரு மரமும் சாயக்கூடாது. குடைவோனுக்கும் கட்டுவோனுக்கும் நேரடி நியமனமும், பாதுகாப்பும், சங்கம் வைக்கும் உரிமையும் வேண்டும்.

இவற்றை யாரும் தாமாகத் தரமாட்டார்கள். லோவெல் பெண்களுக்குத் தரவில்லை. கோரல் மில் தொழிலாளருக்கும் தரவில்லை. கிளைக் கூட்டங்களில் பேசுங்கள். மின்வாரியத் தோழர்களையும், உழவர்களையும், மலைமக்களையும் ஒரே மேடைக்கு அழையுங்கள். கையெழுத்தாகும் முன் கேட்டால்தான் அது கேள்வி. கையெழுத்தான பிறகு கேட்பது புலம்பல்.

ஆறு கூலி கேட்பதில்லை. ஆனால் ஆற்றின் கூலியை யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அது யார் என்று கேட்கும் உரிமை, அந்த ஆற்றுநீரைக் குடிக்கும் ஒவ்வொருவனுக்கும் உண்டு.