தொட்டால் ஒலிக்குமாம்

சத்தம் எது, இசை எது என்று பிரிக்கிற காது யாருடையது? மேற்கத்திய நவீன இசைக்காரர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ எழுப்பிவிட்டார்கள். 1952 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக்கில், ஜான் கேஜ் எழுதிய உருப்படியை வாசிக்கப் பியானோ முன் உட்கார்ந்த டேவிட் ட்யூடர் 4 நிமிடம் 33 விநாடி ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. அந்த நேரத்தில் காற்று, மழை, சபையின் முணுமுணுப்பு என்று காதில் விழுந்ததெல்லாம் இசை. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய ஒலிக்கலை. ஒரு கூடம், அதற்குள் மைக், ஒலிபெருக்கி, ஆள் நடமாட்டத்தை உணரும் கருவி. நடந்தால், தொட்டால் ஒலி மாறும். கேட்பவரே வாசிப்பவர். வித்வான் மேடையில், ரசிகன் கீழே என்கிற அடுக்கு உடைகிறது. எனக்கும் பிடித்த விஷயம்தான், பொய் சொல்வானேன்?

ஆனால் நம்ம ஊருக்குள் எதுவும் சாதி கேட்காமல் நுழைவதில்லை.

சென்னையில் ஒருத்தர் இப்படி ஒன்று செய்ய நினைத்தால் ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் வடக்கேதான் வருவார். இங்கேதான் சரக்கு கொட்டிக் கிடக்கிறது. ராயபுரத்தில் கப்பல் சங்கு. காசிமேட்டில் விடியக்காலை ஏலக்குரல், விசைப்படகின் டீசல் இன்ஜின். எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் லாரி ஹாரன். ஆலை சைரனையும் சங்கு என்றுதான் நம் ஜனங்கள் சொல்வார்கள். சாவுக்கு ஊதுவதற்கும் அதே பேர். இதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் குளிரூட்டிய கூடத்தில் விட்டால் கலை. ராத்திரி முழுக்க அதையே கேட்டுக்கொண்டு தூங்குகிற பிள்ளைக்கு அது என்ன? அந்தப் பிள்ளையின் தாத்தா செத்தால் பாடுகிற மரண கானாவும் அடிக்கிற பறையும் என்ன? 'ஒரே கூச்சல்' என்று போலீசுக்குப் போன் போகும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவில் குடியிருப்புக்கு 45 டெசிபல், தொழிற்பகுதிக்கு 70. ஆலைச்சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிற குப்பத்து வீடு இதில் எந்தப் பகுதி?

'தொடுங்கள்' என்று கூப்பிடுகிறது இந்தக் கலை. தொடுவது இந்த நாட்டில் அத்தனை லேசான வினைச்சொல்லா? மிருதங்கத்தைத் தொட்டு வாசிக்கிறவர் வித்வான். மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் அறுத்து, பதமாக்கி, வார் பிடித்து, நாதம் வரும்வரை தட்டித்தட்டிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். அந்த நாதத்தை முதலில் கேட்ட காது அவர்களுடையது. அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தை வெளியிடக் கொடுத்த அரங்கை 2020 ஜனவரியில் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. தோல் உள்ளே போகலாமாம், தோலின் கதை போகக்கூடாதாம்.

இன்னொன்று. தொட்டால் ஒலித்தே ஆகவேண்டும் அந்தக் கருவி. மாட்டேன் என்று சொல்ல அதற்கு வழியில்லை. ஊர் கூப்பிட்டால் போய் அடித்தே ஆகவேண்டும் என்று நம் பாட்டன்மாரை வைத்திருந்ததும் இப்படித்தானே? 1990களில் பறையைக் கீழே போடுவதா, விடுதலைக் கருவியாகக் கையிலெடுப்பதா என்று நம் இயக்கங்களுக்குள் கடுமையாக விவாதம் நடந்தது. எப்போது ஒலிப்பது, எப்போது ஒலிக்க மறுப்பது என்பதை அடிக்கிறவன்தான் முடிவு செய்யவேண்டும் என்பதே இரண்டு பக்கத்துக்கும் அடிப்படை. இசைதல் என்றால் சம்மதித்தல் என்றும் தமிழில் பொருள் உண்டு. எம்.ஏ. வகுப்பில் இசைத்தமிழ் பற்றிப் பக்கம்பக்கமாகச் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2017 ஜனவரியில் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' இங்கேயிருந்து ஒலியை அள்ளிக்கொண்டு போகவில்லை. கர்நாடக இசையை எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கூட்டிவந்தது. கபேர் வாசுகி பேச்சுத்தமிழில் எழுதியதை ராகமாலிகையில் பாடினார் கிருஷ்ணா. நம்மைத் திட்டுகிற வசவாக இருந்த வார்த்தையைப் பொதுநிலம் என்று திருப்பிக் கொடுத்தது சின்னக் காரியமல்ல. ஆனாலும் பாடிய குரல் வெளியேயிருந்து வந்த குரல். அதே மாதம் 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. பாட்டைக் கேட்ட நகரம் இருந்தது. எண்ணெயை வாளியில் அள்ளியது மீனவர்களும் மாணவர்களும்.

இதே மாதிரி ஒரு எண்ணெய்த் துறைமுகம்தான் பாக்கூ. ரஷ்யப் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்காக 1922 நவம்பர் 7 அன்று அர்செனி அவ்ராமோவ் அங்கே 'சங்குகளின் சிம்பொனி' நடத்தினார். கப்பல் சங்கு, ஆலைச்சங்கு, ரயில் இன்ஜின், பீரங்கி எல்லாம் வாத்தியம். உயரத்தில் நின்று கொடியசைத்தார் அவர். அதுவும் அரசாங்க விழாதான், எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அங்கே சத்தத்தைக் கூடத்துக்குள் கொண்டுபோகவில்லை, ஊரே வாத்தியமாக நின்றது.

எண்ணூருக்கு ஒலிக்கலை கொண்டுவர நினைக்கிற தோழர்களே, பொத்தானை எங்கள் பக்கம் வையுங்கள். ஒலிபெருக்கியை அடையாறிலும் மயிலாப்பூரிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வாசலிலும் கட்டுங்கள். 2023 டிசம்பர் 26 ராத்திரி உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூக்கெரிந்து எழுந்து ஓடினார்களே, அதே நேரம் பார்த்து இங்கே ஒரு அக்கா பொத்தானை அமுக்கட்டும். அங்கே லாரி ஹாரன் அலறட்டும். அணைக்கிற சுவிட்ச் அந்தப் பக்கம் வேண்டாம்.