குணா குகையும் நூறு அடிக் கயிறும்

போன மாதம் ஒரு நாள் காலை, அடுப்பு வேலைகூட முடியவில்லை, என் அக்காவிடமிருந்து டெலிபோன் வந்தது. "உன் பிள்ளை நூறு அடிக்கு நைலான் கயிறு வாங்கியிருக்கிறான். நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு வேறே. என்ன ஏது என்று நீயே வந்து கேள்!" என்றாள். பையன் பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கினால் 'என் பிள்ளை'. விபரீதமாக ஏதாவது செய்தால் 'உன் பிள்ளை'. எங்கள் வீட்டு வழக்கம் இது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

போய்க் கேட்டேன். கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கும் அந்தப் பிள்ளையாண்டான் நண்பர்கள் நால்வருடன் கொடைக்கானலுக்குப் புறப்படுகிறானாம். ஏரியில் படகு விடுவதற்கோ, கோக்கர்ஸ் வாக்கில் நின்று பனியை வேடிக்கை பார்ப்பதற்கோ அல்ல. குணா குகைக்குள் இறங்கிப் படம் பிடித்து யூட்யூபில் போடுவதற்கு!

அக்கா அழுதாள், அத்திம்பேர் கத்தினார். நான் இரண்டும் செய்யவில்லை. பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் அவர்கள் பார்ப்பதை நாமும் கூட உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு நாள் சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பார்க்கும் குகைப் படங்களையும் கல் படங்களையும் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவற்றில் சில அபாரம்! ஒருவர் சாலையோரப் பாறையில் சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுகிறார். பெயர்ந்த சில்லை எடுத்து நாக்கால் நக்குகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஈரம் பட்டால் கல்லில் உள்ள மணிகளின் நிறம் பளிச்சென்று தெரியும் என்பதற்காக அப்படிச் செய்கிறார் என்று பையன் சொன்னான். நாம் புதுப் புளியை வாயில் போட்டுப் பார்க்கவில்லையா? இன்னும் சில படங்களோ வேறு ரகம். 'மரணக் குகை', 'பேயின் சமையலறை' என்று கொட்டை எழுத்துத் தலைப்பு, நெஞ்சு படபடக்கும்படி ஒரு சங்கீதம், வேலியைத் தாண்டி ஓடும் ஒரு பையன். ஒரு விவரமும் கிடையாது. கயிறு வாங்கச் சொன்னது இந்த இரண்டாவது ரகந்தான்.

குகை என்றால் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? நீளமாக ஒரு சுரங்கம், கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகள், அல்லவா? அது சுண்ணாம்புப் பாறைக் குகை. மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கும்போது கொஞ்சம் புளிப்பேறி, சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகக் கரைத்து வழி பண்ணிக்கொண்டு போகும். மேகாலயாவில் இப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் உண்டு. கிரெம் லியாத் பிரா என்ற ஒரே குகை 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அங்கே மாம்லூ என்ற குகையில் வளர்ந்த ஒரு கல் முளையை அறுத்துப் பார்த்தார்கள். மரத்தில் வருஷ வளையம் போல அதிலும் அடுக்குகள். சுமார் 4,200 வருஷங்களுக்கு முன் மழை பொய்த்த காலம் ஒன்று அதில் பதிவாகி இருந்தது. அதை வைத்து, அன்று முதல் இன்று வரையுள்ள காலத்துக்கே 'மேகாலயன்' என்று 2018-ல் உலகப் பூகர்ப்ப நிபுணர்கள் பெயர் சூட்டிவிட்டார்கள். நீங்களும் நானும் இப்போது மேகாலயன் யுகத்தில்தான் வாழ்கிறோம்!

கொடைக்கானல் சமாசாரம் வேறு. பழனி மலை சுண்ணாம்பு அல்ல, தண்ணீரில் கரையாது. அது சார்னோகைட் என்னும் கல். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னோக் கல்கத்தாவில் 1693-ல் காலமானார். உடன்கட்டை ஏறப்போன ஒரு விதவையைக் காப்பாற்றித் தமக்கே மனைவியாக்கிக்கொண்டார் என்று அவரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்ற பெருமை வெகு காலம் அவருக்கு இருந்தது. 2003-ல் ஹைகோர்ட்டு அதைப் பறித்துவிட்டது. ஆனால் கல்லில் பதிந்த பெயரை யார் பறிப்பது? 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற பூகர்ப்ப நிபுணர், சார்னோக்கின் சமாதிக் கல் நம் சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு, அந்த இனத்துக்கே அவர் பெயரை வைத்தார். பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றும் இந்தக் கல்தான். மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் பார்க்கும் அந்தக் குன்றும், கொடைக்கானல் தூண் பாறையும் ஒரே ஜாதி என்றால் ஆச்சரியமாக இல்லையா?

பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வெந்த கல் இது. அந்த வேக்காடு முடிந்தே 50 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறகு மேலே இருந்த சுமையெல்லாம் தேய்ந்து தேய்ந்து, இது வெளியே தலை காட்டியது. சுமை குறைந்ததும் கல்லில் நெட்டுக்குத்தாக வெடிப்புகள் கண்டன. மழையும் வேரும் அவற்றை அகலப்படுத்தின. மேலேயிருந்து உருண்ட பெரும் பாறைகள் பிளவுகளின் வாயில் சிக்கிக் கூரை போல நின்றன. குணா குகை என்கிறோமே, அது இந்தப் பிளவுகள்தாம். அதற்குள் நடந்து போக வழியில்லை, விழுவதற்குத்தான் வழி. மேலே சருகும் பாசியும் சோலை மரத்து வேர்களும் மூடியிருக்கும். தரை என்று நினைத்துக் காலை வைத்தால் தரை இராது.

'டெவில்ஸ் கிச்சன்' என்பது வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். கமலஹாசன் நடித்த 'குணா' 1991-ல் வெளிவந்ததும், பிசாசு போய்க் குணா வந்தார். 2006-ல், கொச்சிக்குப் பக்கத்து மஞ்சும்மலிலிருந்து சுற்றுலா வந்த வாலிபர்களில் ஒருவர் பிளவுக்குள் விழுந்தார். அதற்கு முன் விழுந்தவர்கள் பலர் மீண்டதில்லை. இவருடைய நண்பர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு தாமே இறங்கி, அவரை மேலே கொண்டு வந்து சேர்த்தார். 2024-ல் அது 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படமாகித் தமிழ் நாட்டையும் ஒரு கலக்குக் கலக்கியது. உடனே கொடைக்கானலில் கூட்டம் நெரிந்தது. வேலி தாண்டி இறங்கிய சில இளைஞர்கள் பிடிபட்டதையும் பத்திரிகைகளில் படித்தோம்.

"அவர்கள் பிழைத்தார்களே, சித்தி!" என்றான் பையன்.

"அப்பனே, நீ பார்த்து மயங்கிய அந்தக் குகையின் உட்புறம் எங்கே இருக்கிறது தெரியுமா? கேரளத்தில் கிடங்குக்குள் போட்ட செட்! கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி கைவண்ணம்" என்றேன். பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உடனே கைப்பேசியைத் தட்டிச் சரிபார்த்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

அதன் பிறகுதான் இருவரும் மேகாலயாப் படங்களை நிதானமாகப் பார்த்தோம். குகை இறங்குவதையே கலையாகப் பழகியவர்கள் ஒருவர்கூடத் தனியாகப் போவதில்லை. ஒவ்வொருவரிடமும் மூன்று விளக்கு, தலையில் கவசம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். மழைக் காலத்தில் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. கயிறும் துணி உலர்த்தும் கயிறல்ல, ஆள் பாரத்துக்கென்றே செய்தது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நீ வாங்கியது என்ன கயிறு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதில் இல்லை.

"சரி, கொடைக்கானலில் பாசிலாவது கிடைக்குமா?" என்று பேச்சை மாற்றினான். கல்லாகிப் போன பழைய உயிர்ச் சுவடுகளுக்குத்தான் பாசில் என்று பெயர். எப்படிக் கிடைக்கும்? அவ்வளவு உஷ்ணத்தில் வெந்த கல்லில் சிப்பி ஏது, இலை ஏது? அதற்கு அரியலூர்ச் சீமைக்குப் போக வேண்டும். பத்துக் கோடி வருஷத்துக்கு முன் அங்கே கடல் அலை அடித்தது. காரை என்ற ஊருக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் அந்தக் கடலடி மண் இன்றும் கிடக்கிறது. அங்கிருந்து வெகு தூரமில்லாத சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. அதை 1940-ல் உலகுக்குச் சொன்னவர் தஞ்சை ஜில்லாக்காரரான எம். எஸ். கிருஷ்ணன், பிற்பாடு இந்தியப் பூகர்ப்ப இலாகாவுக்கு முதல் இந்தியத் தலைவரானவர். அந்தக் கடலின் சிப்பிச் சுண்ணாம்பைத்தான் அரியலூர் சிமெண்டு ஆலைகள் பொடி செய்கின்றன. உங்கள் வீட்டுச் சுவரில்கூட அது கொஞ்சம் இருக்கலாம். பார்க்கப் போகிறவர்கள் மட்டும் எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஆளுக்கு ஒரு சிப்பி எடுத்தால் அடுத்த தலைமுறைப் பிள்ளைக்கு அங்கே புழுதிதான் மிஞ்சும்.

பையன் கொடைக்கானல் போனான். தடை சொல்லவில்லை. குணா குகையை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததாகவும், பனி மூடி ஒன்றுமே தெரியவில்லை என்றும் போன் செய்தான். ஆனால் வத்தலக்குண்டுச் சாலையில் மலையை வெட்டிய இடத்தில் இறங்கிப் பூதக்கண்ணாடியும் கையுமாக அரை மணி உட்கார்ந்திருக்கிறான். கல் எண்ணெய் தடவினாற்போலக் கரும்பச்சையாகவும், அதில் நீலம் பாய்ந்த மணிகளாகவும் தெரிந்ததாம். "நக்கிப் பார்த்தாயா?" என்றேன். பார்த்தானாம். வழியில் போன ஒரு பெரியவர், "தம்பி, மோதிரம் கீதிரம் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டு, தாமும் கூடக் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாராம்.

நூறு அடிக் கயிறு அக்கா வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. நேற்றுப் போனபோது அதில் போர்வைகள் உலர்ந்துகொண்டிருந்தன.