கொப்பிக் கடனும் பினான்ஸ் தவணையும்



சென்ற வாரம் பத்தாம் தரப் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு நடத்தினோம். ஒருவனிடம் 10 டொபி. பக்கத்தில் இருப்பவனுக்கு எத்தனை கொடுப்பது என்பது அவன் இஷ்டம். மற்றவன் சம்மதித்தால் இருவருக்கும் டொபி. மறுத்தால் பத்தும் மேசைக்கே திரும்பிவிடும்.

ஒருவன் ஒன்பதை வைத்துக்கொண்டு ஒன்றை நீட்டினான். "வேணாம் சேர்" என்று மற்றவன் கையைக் கட்டிக்கொண்டான். ஒன்றுமே இல்லாததைவிட ஒரு டொபி லாபந்தானே என்று கேட்டோம். "அப்ப அவனுக்கும் கிடைக்கக் கூடாது சேர்" என்றான்.

1982இல் ஜேர்மனியில் வேர்னர் கூத் என்ற பொருளியலாளரும் சகாக்களும் காசை வைத்துச் செய்த பரிசோதனை இது. பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். ஐந்தில் ஒரு பங்கிலும் குறைவாக நீட்டினால் பலர் மறுத்துவிடுகிறார்கள். தனக்கு நட்டம் வந்தாலும் அநியாயத்துக்கு உடன்படாதது மனித இயல்பு.

ஆனால், அநியாயம் நடந்தாலும் "வேணாம்" என்று சொல்ல முடியாமல் நிற்கும் ஒருவர் நமதூரில் இருக்கிறார். கொப்பிக்குச் சாமான் தரும் கடைக்காரக் காக்கா.

2022ஐ மறந்துவிட்டோமா? அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. கேஸும் இல்லை, பெற்றோலும் இல்லை. இன்று எழுதிய விலைக்கு நாளை அதே சாமானை வாங்க முடியாது என்று தெரிந்தும் அரிசியும் பருப்பும் சீனியும் கொப்பியில் எழுதித் தந்தவர்கள் இவர்கள்தான். கையெழுத்தும் கேட்கவில்லை, பிணையும் கேட்கவில்லை.

இன்று நாம் என்ன செய்கிறோம்? பினான்ஸ் தவணையை ஒருநாள் பிந்தாமல் கட்டுகிறோம், ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். கொப்பிக் கணக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறோம், காக்கா ஒன்றும் சொல்லமாட்டார் என்ற தைரியம். கையில் காசிருந்தால் டவுன் சுப்பர் மார்க்கட், இல்லாவிட்டால் மூலைக்கடை. சீட்டிலும் இதே கதை. முதலில் எடுத்தவர் பிந்திக் கட்டுகிறார், கடைசி நம்பர்க்காரர் காத்திருக்கிறார். நம்மை நம்பாதவருக்கு முதலில் கொடுக்கிறோம், நம்பியவருக்குக் கடைசியில் கொடுக்கிறோம். மாதச் சம்பளம் எடுக்கும் ஆசிரியர்களாகிய நாமும் இதில் சேர்த்திதான்.

ஒருநாள் அந்தக் கடையிலும் "கடன் அன்பை முறிக்கும்" என்ற போர்ட் தொங்கும். அன்றைக்கு நமக்குப் பெரிய பாதிப்பு வராது. நமக்கு வங்கி இருக்கிறது, நகை இருக்கிறது. கூலிக்குப் போகும் சகோதரருக்கும் கணவனை இழந்த ராத்தாவுக்கும் அந்தக் கொப்பியைத் தவிர வேறு வங்கி இல்லை. நமது பாக்கிக்கு அவர்கள் வீட்டு அடுப்பு வட்டி கட்டும்.

துருக்கியில் உஸ்மானியர் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. றமழானில் வசதியுள்ளவர்கள் தம்மை யாரும் அறியாத கடைக்குப் போய், கடன் கொப்பியில் சில பக்கங்களின் கணக்கைத் தீர்த்துவிட்டுப் பெயர் சொல்லாமல் திரும்புவார்கள். அடுத்தவர் பக்கத்தைத் தீர்க்க நமக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். முதலில் நமது பக்கத்தைத் தீர்ப்போம்.

இந்தச் சம்பளத்தில் முதல் செலவு கொப்பிக் கணக்காக இருக்கட்டும். முழுதாக முடியாவிட்டால் பாதி. அதுவும் முடியாவிட்டால், கடையைக் கண்டு வேறு ஒழுங்கையால் போகாமல், நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம்.