ஒரு நாள் அளவும் ஒரு மாதக் குறிப்பேடும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து நம்மிடம் சிகிச்சைக்கு வருவோருள் சிலர், உதிரிபாகங்களை அளந்து வரைபடத்தில் புள்ளியிடும் பணியினர். ஓர் அளவு சற்றே கூடியதற்காக அவர்கள் இயந்திரத்தைத் தொடுவதில்லை. சீராக ஓடும் இயந்திரத்திலும் அளவுகள் ஏறியிறங்கும். ஒவ்வொரு முறையும் ‘செட்டிங்’கை மாற்றினால் வேறுபாடு குறையாது, பெருகும். 1924-இல் அமெரிக்கத் தொலைபேசித் துறைப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் பயன் இதுவே.

அதே கைதான், வீட்டில் சர்க்கரை 142-இலிருந்து 158 ஆனவுடன் மாத்திரையை ஒன்றரையாக்குகிறது. மறுநாள் 130 என்றால் அரையாக்குகிறது. இவ்வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். விரல்நுனிக் குருதியை அளக்கும் கருவி, 100-உம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ காட்டுவதை ஐ.எஸ்.ஓ. 15197 தரவிதி ஏற்கிறது. ஆய்வகத்தில் 150 எனப்படும் குருதி, கருவியில் 128 எனவும் தோன்றலாம், 172 எனவும் தோன்றலாம். இரவுப் பணி, உறக்கமின்மை, முதல்நாள் கல்யாண விருந்து ஆகியவை வேறு. இரத்த அழுத்தமும் அவ்வாறே. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின், நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே கையில் அளந்தால்தான் ஒப்பிட இயலும்.

ஆயினும் அனைத்தையும் இயல்பு என ஒதுக்குவதும் பிழையே. ஓசையின்றி வரும் இப்பிழையையே நான் மிகுதியும் அஞ்சுகிறேன். தொழிற்சாலையில் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு மேலேயே நின்றால், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருப்பினும் காரணம் தேடுவர். உங்கள் காலை அளவுகளும் அவ்வாறு வழக்கத்திற்கு மேலேயே நிற்குமாயின், குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் வாருங்கள். மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள்.

சிலவற்றிற்கு எட்டு நாள் பொறுத்தல் ஆகாது. சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகி, 15 நிமிடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108-ஐ அழையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி தோன்றினும் அவ்வாறே. அப்போது அழுத்தக் கருவியைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் இல்லத்திற்கு வந்து அளக்கும் எண்களையும் தேதியுடன் அதே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரவுப் பணி முடிந்து அளந்த நாள்களுக்கு அருகில் ‘இரவு’ என ஒரு சொல் இருந்தால் போதும்; மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.