இண்டர்லோக்கைக் காப்பாற்ற ஹார்ப்பர் லீ வரமாட்டார்

அண்மையில் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில் ஓய்வுபெற்ற கல்வியாளர் ஒருவர் பேசினார். பதில் சொல்ல நேரம் தரவில்லை, அதனால் எழுதுகிறேன். அமெரிக்கப் பிள்ளைகள் ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மோக்கிங்பர்ட்’ நாவலைத் தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் படிக்கிறார்களாம். கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல் அதில் திரும்பத் திரும்ப வந்தாலும் யாரும் கூச்சல் போடவில்லையாம். நாமோ ஒரே ஒரு சொல்லுக்காக ‘இண்டர்லோக்’கைப் பாடத்திட்டத்திலிருந்து துரத்திவிட்டோமாம். ஆகவே மலேசிய இந்தியர்களுக்கு இலக்கியம் படிக்கவே தெரியாதாம். இதற்குக் கைதட்டலும் கிடைத்தது. தட்டியவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள்.

அந்த நாவல் சர்ச்சையானபோது கைக்குழந்தையாக இருந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெடா மாநிலத்தின் யான் வட்டாரத்தில் பிறந்த அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளியான மலாய் நாவல் ‘இண்டர்லோக்’. ஆசிரியர் 1996இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். செமான், சிங் ஹுவாட், மணியம் ஆகியோரின் மூன்று குடும்பங்கள், மூன்று இனங்கள், கடைசியில் ஒரே நாடு என்பது கதையின் அமைப்பு. 2011இல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் ஆகிய இடங்களில் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பகுதிக்கு இது பாடநூலானது. பறையரைக் குறிக்கும் ‘பாரியா’ என்ற சொல்லுக்காக எதிர்ப்பு வெடித்தது. திருத்துகிறோம் என்றார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக வந்த ‘கொன்செர்தோ தெராக்கிர்’ நாவலும் அதே அப்துல்லா ஹுசேன் எழுதியதுதான். பெரிய எழுத்தாளரை நாம் அவமதித்தோம் என்று மேடையில் உருகியவர் இதைச் சொல்லவே இல்லை. அவர் எழுதிய ஒரு நூலின் மீதுதான் எதிர்ப்பு இருந்தது, அவர் மீது அல்ல.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். ஹார்ப்பர் லீயின் நாவலில் அந்த இழிசொல் யார் வாயில் வருகிறது? ஊர்க்காரர்கள் வாயில். பள்ளியில் அதைக் கேட்டுவிட்டு வரும் சிறுமி ஸ்கவுட், அப்பா அட்டிகஸிடம் அதைப் பற்றிக் கேட்கிறாள். அப்படிச் சொல்லக் கூடாது என்று அவர் அவளுக்குச் சொல்கிறார். கதை நெடுக அந்தச் சொல் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறது. மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் பாலியல் வன்முறை செய்ததாகக் குற்றம்சாட்டப்படும் கறுப்பர் டாம் ராபின்சனின் இடக்கை, சிறு வயதில் பருத்தி இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. மயெல்லாவின் முகக்காயமோ வலப்பக்கம். அடித்தவன் இடக்கைக்காரன் என்பது நீதிமன்றத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அப்படியும் வெள்ளையர் நடுவர்குழு டாமைக் குற்றவாளி என்கிறது. வாசிக்கும் பிள்ளைக்கு யார் மேல் கோபம் வரவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. அலபாமாவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் ஊரைப் பார்த்து, தன் சனத்தைப் பார்த்து, நீங்கள் அநியாயம் செய்தீர்கள் என்று எழுதிய நூல் அது.

‘இண்டர்லோக்’கில் ‘பாரியா’ என்ற சொல்லைச் சொல்வது யார்? கெட்ட முதலாளி அல்ல, சண்டைக்காரன் அல்ல, கங்காணியும் அல்ல. கதைசொல்லி. கப்பலில் உடன் வந்த மற்றவர்களைப் போலவே மணியமும் பறையர் சாதி என்றும், அதனால் யாரையும் தீட்டுப்படுத்திவிடுவோம் என்ற பயமின்றி இவர்கள் கலந்து பழக முடிகிறது என்றும் ஆசிரியர் குரலே நமக்குத் தகவல் சொல்கிறது. எதிர்த்துக் கேட்க அங்கே ஒரு ஸ்கவுட் இல்லை, பதில் சொல்ல ஓர் அட்டிகஸும் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. ஒரு நாவல் தீட்டைக் காட்டுவது வேறு, தீட்டை நம்பிப் பேசுவது வேறு. எஸ்பிஎம் தேர்வெழுதும் மாணவனுக்குப் புரியும் இந்த வேறுபாடு, வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் இருந்தவருக்கு எப்படிப் புரியாமல் போனது?

அப்துல்லா ஹுசேனின் நோக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மணியத்தை அவர் அன்போடுதான் படைத்திருக்கிறார். ஆனால் பாடநூலை நோக்கத்தை வைத்து எடைபோட முடியாது.

“அது வரலாற்று உண்மைதானே” என்றும் பேச்சாளர் சொன்னார். இல்லை. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்துவிட்டார்கள். பின்னர் வந்த கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் சாதியிலிருந்தும் ஆள் திரட்டினார்கள். வந்தவர்களில் பறையரும் பள்ளரும் உண்டு. வன்னியரும் கள்ளரும் கவுண்டரும் உண்டு. தெலுங்கர், மலையாளிகளும் உண்டு. பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயமே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தது. கப்பலில் வந்த எல்லோரும் ஒரே சாதி என்றால், லயத்தில் எதற்குப் பிரிவினை? தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் வெட்டிய எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இதைச் சொல்லும்.

அமெரிக்காவில் யாரும் கூச்சல் போடவில்லை என்பது அப்பட்டமான பிழை. 1966லேயே வெர்ஜீனியாவின் ஹனோவர் வட்டாரக் கல்வி வாரியம் அந்த நாவலை ஒழுக்கக்கேடானது என்று சொல்லி விலக்கியது. ஹார்ப்பர் லீயே பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சாடினார். 2017இல் மிசிசிப்பியின் பிலக்ஸியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். 2022இல் வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோவில் ஒன்பதாம் வகுப்பின் கட்டாய வாசிப்பிலிருந்து நீக்கினார்கள். விரும்பும் ஆசிரியர் நடத்தலாம் என்று விட்டார்கள். டாம் ராபின்சனுக்குக் குரலே இல்லை, வெள்ளைக்காரர் வந்து காப்பாற்றும் கதையாகவே இருக்கிறது என்று கறுப்பின வாசகர்கள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். எல்லா எதிர்ப்பும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சகித்துக்கொண்டு படிப்பதற்கு உதாரணமாக அந்த நாட்டைக் காட்டுகிறவர் அந்த நாட்டின் செய்தித்தாளைப் படித்ததே இல்லை.

அவர் தொடாமல் விட்டதுதான் எனக்கு முக்கியம்: தேர்வு. நம் இடைநிலைப்பள்ளியில் நாவலை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? பயிற்சி நூலைத் திறந்தால் கட்டம் போட்டிருக்கும். தெமா (கருப்பொருள்), பெர்சோஆலான் (சிக்கல்), வாத்தாக் (கதாபாத்திரம்), நிலாய் (நற்பண்பு), பெங்ஙாஜாரான் (படிப்பினை). ஒவ்வொரு கட்டத்திலும் விடை தயாராக இருக்கும். நிலாய் என்றால் ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல், கடின உழைப்பு. மாணவி அதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதினால் புள்ளி. “இந்தக் கதைசொல்லி என் பாட்டனைப் பற்றிச் சொல்வது தவறு” என்று எழுதக் கட்டமே இல்லை. மலாயில் ‘பாரியா’ என்ற சொல் தெருநாய்க்கும் வழங்குகிறது. அதை ஆசிரியர் உரக்க வாசிக்க, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று இந்தியப் பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அதே நாவலின் நற்பண்புகளைப் பட்டியலிட வேண்டும். இதற்குப் பெயர் இலக்கியக் கல்வியா? ‘மோக்கிங்பர்ட்’டையே கொண்டுவந்து இந்தக் கட்டத்துக்குள் அடைத்தாலும் அது செத்துப்போகும்.

கடைசியில் அவர் வீசிய கல் கனமானது. “சாதி பார்ப்பவர்களே நீங்கள்தான், பிறகு அந்தச் சொல்லுக்கு ஏன் துள்ளுகிறீர்கள்?” பாதி உண்மை இதில் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. 2011இல் எழுந்த குரல்களில் சில, “எந்த மனிதனையும் இப்படிச் சொல்லாதே” என்று கேட்கவில்லை. “நாங்கள் அந்தச் சாதி இல்லை” என்றே கேட்டன. நூலை எரித்தவர்களும் உண்டு. முதலாமவர்கள் பறையரை இரண்டாம் முறை அவமதித்தார்கள். இரண்டாமவர்கள் வாதிடத் தெரியாததை நெருப்பால் மறைத்தார்கள். இருவர் சார்பிலும் நான் பேசவில்லை. ஆனால் நம்மில் சாதிவெறியர் இருப்பதால் நம் பிள்ளையைப் பாடநூல் இழிவுபடுத்தலாம் என்று எந்த நியாயத்தில் வருகிறது? அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை யாருடைய சாதியையும் கேட்கவில்லையே.

பினாங்கில் அது பாடநூலாகவே இல்லை, இங்கிருந்து எதற்குச் சத்தம் என்றும் முனகினார். நம் முன்னோரை ஏற்றிவந்த கப்பல்கள் நின்றது பினாங்குத் துறைமுகத்தில். நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டது ஜெரெஜாக் தீவில். அவர்களைப் பற்றிய பொய்யைக் கேள்வி கேட்க நமக்கு மாநில எல்லை கிடையாது.

அநீதியையும் வளரும் பருவத்தையும் பேசும் நாவல் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதல்ல என் வாதம். கட்டாயம் வேண்டும். ‘மோக்கிங்பர்ட்’டையும் கொடுங்கள், அதன் குறைகளோடு. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம், ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் ஒரு தமிழ்ச் சிறுவன் வளர்ந்த கதையை ‘தி ரிட்டர்ன்’ என்று 1981இல் எழுதிவைத்திருக்கிறார், அதைக் கொடுங்கள். நம் சனத்தைப் பார்த்தே விரல் நீட்டும் துணிவு வேண்டுமென்றால் 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ இருக்கிறது. ‘இண்டர்லோக்’கையும் ஆறாம் படிவத்தில், தேர்வுக் கட்டம் இல்லாமல், எதிர்த்து எழுத இடம்விட்டுக் கொடுங்கள், நானே வந்து உடன் உட்கார்ந்து வாசிக்கிறேன். அன்று கைதட்டிய ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நாளை வகுப்புக்குப் போகுமுன் இரண்டு நாவல்களையும் முழுதாகப் படியுங்கள். பேச்சாளர் அதைச் செய்யவில்லை.